கோடு விழும் டிவி

ஆத்மநாதன் மொபெட்டை மணலில் நிறுத்தி ஸ்டாண்டு போட்டபோது மணி ஆறு. டிவி மெக்கானிக். அண்ணாந்து பார்த்தார். மொட்டை மாடியில் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஆன்டெனா, ஒரு முழம் கீழே எல்இடி ஃபோகஸ் லைட். வெளிச்சம் இருக்கும்போதே அது எரிந்துகொண்டிருந்தது.

"திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கான் தங்கச்சி. இந்த லைட்டோட சோக்குதான் சிக்னலக் கெடுக்குது. எப்ப மாட்டுனீங்க?"

"அவுக கடலுக்குப் போன அன்னிக்குண்ணே," என்றாள் அமராவதி. "அவுகளேதான் கட்டிட்டுப் போனாக. கரைக்குத் திரும்பயிலயே நம்ம வீடு தெரியணும்னாக."

ஒரு ராத்திரித் தொழில். சனிக்கிழமை போனால் ஞாயிறு காலை ஜெகதாப்பட்டினம் கரைக்கு வந்துவிட வேண்டும். அவள் புருஷன் மலையாண்டியும் மற்ற மூன்று பேரும் போன விசைப்படகு ஒன்பது நாளாகியும் வரவில்லை. அக்கரையில், இலங்கையில், பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். பிறகு அதுவும் இல்லை என்றார்கள். சங்கத்தில் கேட்டால் லிஸ்ட் நாளைக்கு வரும் என்றே ஒன்பது நாளும் ஓட்டினார்கள். போனில் வந்த படமெல்லாம் போன வருஷத்துப் படம்.

மிச்சம் இருந்தது இந்தப் பழைய டிவி ஒன்றுதான். ஆன்டெனா இருந்தால் இந்தக் கரையில் அக்கரைச் சேனல் எடுக்கும். பிடிபட்டவர்களை வரிசையாகக் குந்த வைத்து ஏழு மணிச் செய்தியில் காட்டுவார்கள். அந்த வரிசையில் அவன் தலை தெரிந்தால் போதும், எத்தனை மாதம் ஜெயிலில் கிடந்தாலும் சரி என்று இருந்தாள் அமராவதி. அவள் கும்பிடாத சாமி இல்லை. இப்போது டிவியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டிவியிலோ கோடு கோடாக ஓடியது. ஒரு கறுப்புப் பட்டை மேலே ஏறி, நின்று, கீழே இறங்கியது. கூடவே ஓர் இரைச்சல், ஆள் மூச்சுக்குத் திணறுகிற மாதிரி விட்டு விட்டு.

ஆத்மநாதனும் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். லைட் ஒயரைக் கவ்விப் பிடிக்கிற கறுப்பு வளையம் இரண்டை மாட்டினார். கேபிளை மாற்றினார். ஆன்டெனாவை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்து, கடைசியில் மாடியின் மறுகோடிக்கே கொண்டுபோனார். ஒரு கோடு குறையவில்லை.

"நாளைக்குப் புதுச் சோக்கு கொண்டாறேன். இன்னிக்கே பாக்கணும்னா ஒரே வழிதான். ரெண்டு நிமிஷம் லைட்ட அணைங்க."

வாசலில் இருந்த மாமியார் ராக்காயி எழுந்து வந்துவிட்டாள்.

"ஆளு கடல்ல இருக்கையில வாச வெளக்க அணைப்பாகளா? இவன் எங்களுக்கு வேணாமுன்னு நாமளே கடலுக்குச் சொன்ன மாதிரி ஆயிரும்த்தா."

அமராவதி டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். மணி ஏழு. செய்தி தொடங்கிவிட்டது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் துண்டு துண்டாக வந்தது. "...இந்திய மீனவர்கள்... படகு..."

இந்தச் செய்தி போனால் இன்னொரு நாள். இன்னொரு நாளைத் தாங்க அமராவதியிடம் தெம்பில்லை.

"அத்தை, ரெண்டே நிமிஷம்."

"வேணாம். சொன்னாக் கேளு."

அமராவதி லைட்டின் பிளக்கைப் பிடுங்கினாள்.

வாசல் இருண்டது.

படம் கழுவி விட்டது போலத் தெளிந்தது. அக்கரைப் படகுத்துறை. நான்கு பேர் குந்தியிருந்தார்கள். கடைசி ஆள் மலையாண்டி.

உயிரோடு இருக்கிறான். அமராவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரையைக் கையால் தடவினாள். பிறகுதான் பார்த்தாள். மற்றவர்கள் மேலே துணி காய்ந்திருந்தது. அவன் தலையிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் அவளைப் பார்த்தான்.

"கைதான மூன்று மீனவர்களும்..." என்றது செய்தி.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "எத்தன பேரு?"

"மூணு பேருதானே தங்கச்சி இருக்காக."

அவன் உதடு அசைந்தது. வெளக்கு எங்க?

வெளியே மணலில் காலடிச் சத்தம். ஈரக் கால், ஈர மணல். வீட்டுக்குள் சேறும் டீசலும் கலந்த வாடை அடித்தது. காலடி வாசலுக்கு நேரே வந்து நின்றது.

"யாருப்பா?" என்றாள் ராக்காயி.

வீடு தெரியாதவன் போலக் கொஞ்சம் தயங்கி, காலடி வடக்கே நடந்தது.

அமராவதி தடவித் தடவிப் பிளக்கைச் செருகினாள். வாசல் வெளிச்சமானது. அங்கே ஒருவரும் இல்லை.

அன்று ராத்திரியே சங்கத்திலிருந்து போன் வந்தது. மூவர் பத்திரமாம். போன அன்றே வலை இழுக்கும்போது மலையாண்டி தவறி விழுந்துவிட்டானாம். அவனைத் தேடித்தான் மற்றவர்கள் எல்லை தாண்டி, டீசல் தீர்ந்து மிதந்து, இன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டார்களாம்.

மறுநாள் சாயங்காலம் ஆத்மநாதன் புதுச் சோக்கோடு வந்தார். வர மனசில்லை, சொன்ன சொல்லுக்காக வந்தார். லைட் எரிந்துகொண்டிருந்தது. டிவியைப் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கோடு இல்லை, இரைச்சல் இல்லை.

"அதே லைட்டு, அதே சோக்கு. நான் எதையும் தொடலயே. எப்படி நின்னுச்சு?"

சுவரில் சாய்ந்து கிடந்த அமராவதி திரையையே பார்த்தாள். ஒன்பது நாளாக அவளைத் தொந்தரவு செய்தது என்னவென்று இப்போது புரிந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அது லைட்டு இல்லண்ணே. அவுக. வீட்டுக்குள்ள வந்து கூப்புட்டுக்கிட்டே இருந்துருக்காக. நான் வெளக்க அணைச்சு அவுகள வெளிய அனுப்பிட்டேன்."

ஆத்மநாதனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஐஸ் கம்பெனித் தெருவிலிருந்து பரிமளா.

"அண்ணே, நேத்து ஏழு மணிக்கு மேலருந்து எங்க டிவியில கோடு கோடா ஓடுதுண்ணே. யாரோ மூச்சு வாங்குற மாதிரி சத்தம் வேற. எங்களுது டிஷ்ஷு, ஆன்டெனாவே கெடையாது. அந்த மாதிரி லைட்டும் இல்ல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

அமராவதி செருப்புக்கூடப் போடவில்லை. தலை விரிய வடக்கே ஓடினாள். ஐஸ் கம்பெனித் தெருவில் அவள் மூச்சிரைக்கப் போய் நின்றபோது பரிமளா வீட்டு டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பளிச்சென்று.

"இப்பத்தான்க்கா நின்னுச்சு," என்றாள் பரிமளா.

அடுத்த வீட்டுக்குள் யாரோ டிவியைப் படார் படாரென்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.