செம்மண் கரைக் கடல்

பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு காலை ஆறரை மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார் குருநாதன். உள்ளே, அவர் வாழ்நாளில் வாங்கிய பொன்னாடைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் அந்துருண்டை. உடையார்பாளையம் தாலுகாவில் தான் அளக்காத வரப்பில்லை என்று சொல்லிக்கொள்ளும் ஓய்வுபெற்ற சர்வேயர் அவர். ஓய்வு பெற்ற அன்று போர்த்திய தேன் நிறப் பொன்னாடையைத்தான் இப்போது காணவில்லை.

"மலரு... இங்க வா."

அடுப்படியிலிருந்து வந்த மலர்கொடி நிலைப்படியோடு நின்றாள்.

"ரிட்டையர்மென்ட் பொன்னாடை எங்க?"

"அங்கதாங்க இருக்கும்."

"அங்க இருந்தா நான் ஏன் உன்னக் கூப்புடறேன்? இன்னிக்குப் பெரம்பலூர்ல மேடை ஏறப் போறேன். வெறும் தோளோட போகச் சொல்றியா?"

"அங்க போனா புதுசு போத்துவாங்கல்ல..."

"போத்துற வரைக்கும் என்ன பண்றது?"

மலர்கொடி, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"செல்லக்கண்ணு டெய்லர் கடையில போயி வெட்டுத்துணி கேட்டு நிக்கிறியாமே. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் என்கிட்டயே சொல்லிச் சிரிக்கிறான். உன் வயித்துல பொறந்தவளப் பாரு... அந்தமான்ல உக்காந்துக்கிட்டு அவ தைக்கிற போர்வைய ஊரு உலகமே செல்போன்ல பாக்குது. நீ என்னடான்னா கந்தல் மூட்டையக் கட்டி அழுவுற. அந்தப் பொண்ணுக்கு இந்தக் கைவேலை எங்கேருந்துதான் வந்துச்சோ."

"உங்க பக்கமா இருக்கும்," என்றாள் மலர்கொடி.

அவர் அதை மறுக்கவில்லை.

தாலுகா முழுவதும் சங்கிலி பிடித்து அளந்தவர், சொந்த வீட்டின் கொல்லைப்புறத்தை மட்டும் அளந்ததில்லை. அங்கே முந்திரிக்கொட்டை போட்டுவைக்கும் தகரக் கொட்டகை இருக்கிறது. மகள் மேகலாவின் போர்வைகள் அத்தனையும் அந்தக் கொட்டகையில்தான் பிறந்தன.

நான்கு வருஷத்துக்கு முன் மேகலாவுக்குக் கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்குக் குடித்தனம் போனபோது, மலர்கொடி பழைய புடவைகளை மூன்றடுக்காக வைத்து, மேலே வெட்டுத்துணிகளைப் பூப்பூவாக ஒட்டித் தைத்த போர்வை ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். மாப்பிள்ளை ராஜராஜனுக்குத் துறைமுகப் பட்டறையில் வேலை. அவனுடைய அதிகாரியின் மனைவி வீட்டுக்கு வந்தவள், கட்டிலில் கிடந்ததைத் தடவிப் பார்த்து, "யாரு தைச்சது?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான்தான்னு வாயில வந்துடுச்சும்மா," என்று அன்றைக்குப் போனில் அழுதாள் மேகலா. "இங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு தெரிஞ்சவங்களா இருக்காங்க. நான் மட்டும் வெறுங்கையோட நிக்கிறேன்..."

"இதுக்குப் போயி அழுவாங்களா? என் கை என்ன, உன் கை என்ன. கேட்டா இன்னொண்ணும் தைச்சுத் தரேன்னு சொல்லு."

கேட்டார்கள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மேகலா தென்னை மரத்தடியில் மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு ஊசியை மேலே தூக்கிச் சிரிக்கும் படங்களை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்த ஊசியில் நூல் இல்லை என்பதைப் பார்த்தது மலர்கொடி ஒருத்திதான்.

ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு வாக்குறுதி வந்தது. "அடுத்த சீசனுக்கு வந்துரும்மா. கடல் காட்டுறேன்." மலர்கொடி கடல் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றுக்கு இவ்வளவு ஆசைப்படலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் இந்த வருஷம் வெட்கத்துக்கு நேரமில்லை. பெரம்பலூரில் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்: "கண்ணுல அழுத்தம் ஜாஸ்திம்மா. நரம்பு காஞ்சுக்கிட்டே வருது. போன பார்வை திரும்பாது. இருக்கறதக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம்." இது செல்லக்கண்ணுவுக்கு மட்டும் தெரியும். அவன்தான் வாரத்துக்கொரு முறை ஒரு கொத்து ஊசிகளில் நூல் கோத்து, பழைய ரப்பர் செருப்பில் குத்திக் கொடுத்தனுப்புவான்.

"பொண்ணுகிட்டயாவது சொல்லுக்கா," என்பான்.

"சொன்னா தைக்க வேணாம்னுடுவா. அப்புறம் அவ என்னா பண்ணுவா?"

இப்போது பெரம்பலூர் சான்றோர் பேரவை மேகலாவுக்கு 'தீவுத் தையல் திலகம்' பட்டம் தருகிறது. பேரவையின் கௌரவத் தலைவர் குருநாதன் என்பது இதில் தற்செயல் என்று பேரவை நம்பியது. மேடைக்காகவே ஒரு பெரிய போர்வை வேண்டும் என்று மேகலா கேட்டாள். "தீவு, கடல், சூரியன் எழும்புற மாதிரி... சூரியன் பளபளன்னு இருக்கணும்மா." பளபளப்புக்கு மலர்கொடி எங்கே போவாள்? ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது பீரோவைத் திறந்தாள்.

---

மண்டப வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் மேகலாவின் படம் ஒரு பங்கு, குருநாதனின் படம் மூன்று பங்கு. மேகலா முந்தின நாள் இரவே ராஜராஜனோடு வந்து லாட்ஜில் தங்கியிருந்தாள். மலர்கொடி பையிலிருந்து போர்வையை எடுத்துக் கொடுத்ததும் அதைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் மேடைக்கு அனுப்பிவிட்டாள்.

"எளைச்சுட்டம்மா நீ."

"நீயும்தான்," என்றாள் மலர்கொடி. இருவரும் சொன்னது உண்மை.

மேடையின் பின்திரையில் போர்வையைத் தொங்கவிட்டு விளக்கைப் போட்டார்கள். கூட்டம் நாற்காலி நுனிக்கு வந்தது. எத்தனையோ பேர் உடுத்திய நீலங்களும் பச்சைகளும் அலையலையாக வந்தன. மேலே, தேன் நிறத்தில், ஜரிகை மின்ன ஒரு சூரியன். முன்வரிசையில் இருந்த மலர்கொடிக்கு ஓரங்களெல்லாம் இருட்டிப்போய் அந்தச் சூரியன் மட்டும் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

சிறப்பு விருந்தினர் தங்கசாமி, கப்பலில் இன்ஜினியராக இருந்தவர், அந்தமானில் பத்து வருஷம் குடியிருந்தவர். வெள்ளந்தியான மனிதர். போர்வையின் அருகில் போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ரொம்ப அருமையா இருக்கும்மா. ஒரு சந்தேகம் மட்டும்... அந்தமான் கரையில மணல் வெள்ளை வெளேர்னு இருக்கும். நீங்க செக்கச்செவேல்னு தைச்சிருக்கீங்களே? நம்ம உடையார்பாளையம் முந்திரிக்காட்டு மண்ணு மாதிரில்ல இருக்கு?"

மேகலா திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அந்தப் போர்வையை முதல் முறையாகப் பார்த்தாள். நீலக் கடலைச் சுற்றிலும் செம்மண். கடலும் மண்மேல்தானே கிடக்கும், மண் என்றால் சிவப்புத்தானே என்று தைத்தவள் நினைத்திருக்கிறாள். மேகலா கழுத்து மாலையின் பூவைக் கிள்ளத் தொடங்கினாள். கூட்டத்தில் யாரோ செருமினார்கள். ராஜராஜன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மலர்கொடி எழுந்து நின்றாள்.

"அது என் தப்புங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"பொண்ணு வெள்ளையாத்தான் தைச்சிருந்துச்சு. நேத்து நான் வெத்தலை எச்சியக் கொட்டிட்டேன். கறை தெரியக் கூடாதேன்னு நான்தான் செவப்புத் துணிய மேல வச்சுத் தைச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க... அதைக் கெடுத்தது நான்தான்."

அவள் வெற்றிலை போடுவதில்லை. அது தெரிந்தவர் அந்த மண்டபத்தில் இருவர்தான். ஒருத்தி மேடையில் தலைகுனிந்து நின்றாள். இன்னொருவர் கையில் மைக் இருந்தது.

குருநாதன் அந்நேரம் மணலைப் பார்க்கவில்லை. சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனின் கீழ்ப்பக்கத்தில் ஒரு மங்கிய கறை இருந்தது. வடக்கே குறுகி, தென்கிழக்கில் மூக்கு நீட்டி, மேற்கே இரண்டாகப் பிரிந்த ஒரு கறை. ஓய்வு பெற்ற அன்று தன் பொன்னாடையில் கேசரியின் நெய் சிந்திய கறை அது. எல்லைகளை ஒருமுறை பார்த்தால் மறக்காத மனிதர் அவர்.

"என் சம்சாரம்..." என்றார் மைக்கில். மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார். "வெவரம் பத்தாது. சபை மன்னிக்கணும்."

சபை சிரித்து மன்னித்தது. முக்கால் மணி நேரம் பேசத் தயாரித்து வந்தவர் மூன்று நிமிஷத்தில் நன்றி சொல்லி உட்கார்ந்தார். பேரவை வரலாற்றில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அன்றுதான் கிடைத்தது.

---

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், கைகழுவும் இடத்தில் மேகலா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கழுத்து மாலை நசுங்கியது.

"ஏம்மா... ஏம்மா அப்படிச் சொன்ன? நானே சொல்லியிருப்பேன்..."

"சொல்லியிருக்க மாட்ட. விடு."

அழுகை கூடியது. "எனக்கு வெக்கமா இருக்கும்மா. ஒவ்வொரு போர்வையும் வரப்ப சந்தோஷமா இருக்கும், அப்புறம் ராத்திரியெல்லாம் பயமா இருக்கும்."

மலர்கொடி அவள் முதுகைத் தடவினாள். நான்கு வருஷமாகக் கேட்காததை இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"மேகலா... நானும் உங்ககூட வந்துட்டுப் போவட்டுமா? பத்து நாளு. கடல மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

முதுகு விறைத்ததைக் கை உணர்ந்தது.

"எப்படிம்மா... நீ வந்தா தெரிஞ்சுபோயிடுமே. ஊசிய நீ புடிக்கிறத ஒரு தடவ பாத்தாப் போதும். உன் வெரலப் பாத்தாலே போதும்."

"நான் எதையும் தொடல."

"அது மட்டும் இல்லம்மா." குரல் இறங்கியது. "எங்க வூட்லேருந்து கடல் தெரியாது. ரெண்டு தகரத்துக்கு நடுவுல ஒரு ரூம்பு. குழாய்ல தண்ணி மூணு நாளைக்கு ஒரு தடவதான் வரும். கப்பல் வரலைன்னா தக்காளி கெடையாது. படம் எடுக்குறதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போவேன். நீ வந்தா எங்கம்மா படுப்ப? அவரும் நானுமே தண்ணி டிரம்முக்குப் பக்கத்துலதான்..."

மலர்கொடியின் கை மகளின் முதுகிலிருந்து இறங்கியது. தான் அனுப்பிய ஒவ்வொரு போர்வையும் அந்தத் தீவுக்குப் போகும் வழியில் தானே தைத்து மூடிய ஒரு வாசல் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணைப் பற்றி நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். டிரம்முக்குப் பக்கத்தில் படுப்பவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நல்லாச் சாப்புடு. தண்ணியக் காய்ச்சிக் குடி," என்றாள்.

வாசலில் கார் ஒலித்தது. நாளைக் காலை சென்னையில் விமானம். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டடி போன மேகலா திரும்பி வந்தாள்.

"அம்மா... பேரவையில அடுத்த மாசம் கண்காட்சிக்கு ஒண்ணு கேக்குறாங்க. ராத்திரிக் கடல். முடியுமா? மணல் மட்டும்..."

"வெள்ளை," என்றாள் மலர்கொடி. "தெரியும். போயிட்டு வா."

---

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குக் கிடைத்தது. முப்பது வருஷத்தில் குருநாதன் விட்டுக்கொடுத்த முதல் ஜன்னல். பஸ் அரியலூரைத் தாண்டியது. சிமென்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே போயின.

"சூரியன் நல்லா வந்திருக்கு," என்றார் முன்சீட்டைப் பார்த்துக்கொண்டு.

மலர்கொடியின் கை முந்தானைக்குள் போனது. அவர் அதை எட்டிப் பிடித்து வெளியே எடுத்தார். காய்த்த விரலைத் தடவினார். ஏதோ ஓர் எல்லைக் கல்லின் எண்ணைப் படிப்பதுபோல் வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"எல்லாமே நீதானா?"

"ம்."

"கந்தல்னு சொன்னேனே..."

"கந்தல்தானேங்க அது."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் மறுபடி கேட்டார். "கடல் பாக்கணும்னு ஆசையா உனக்கு?"

அவள் வெளியே பார்த்தாள். முந்திரித் தோப்புகள் வந்துகொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு வெளிச்சமும், சுற்றிலும் பழுப்பு இருட்டும்தான் இருந்தன.

"இருந்துச்சு," என்றாள்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணைப் பற்றிச் சொல்லியிருப்பாள். தோளில் கிடந்த, அன்று போர்த்திய புதுப் பொன்னாடையை எடுத்து மடித்து அவள் மடியில் வைத்தார்.

"இதையும் வச்சுக்க. ராத்திரிக் கடலுக்கு நிலா வேணும்ல."

கைகழுவும் இடத்தில் பேசியதை அவர் கேட்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணீர் இறங்கியது; துடைக்கவில்லை. பொன்னாடையைக் கண்ணுக்கருகே கொண்டுபோகாமல், விளிம்பை இரண்டு விரலால் தேய்த்து, ஜரிகையை நெருடிப் பார்த்து, மெல்லக் கீழே வைத்தாள்.

"நைலானுங்க," என்றாள். "ரெண்டாந் தண்ணியில சாயம் போயிடும்."

இருந்தும் பையைத் திறந்து, அதை உள்ளே வைத்துக்கொண்டாள்.