பிரிட்ஜ் ஓடவில்லை

வீட்டில் எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிடும் சிறுமியின் சித்தப்பா உயரமான கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுவார். அப்படிப்பட்டவர், வீட்டில் பல்பு மாற்றப் போய் முக்காலியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார்.

"ஏழு மாடி ஏறின ஆளை ஒரு முக்காலி கவுத்துடுச்சே!" என்று அம்மா சிரித்தாள். சித்தப்பாவும் சிரித்தார். முதல் வாரம் மட்டும்தான்.

மாவுக்கட்டோடு படுத்திருந்தவருக்கு ஒரே துணை, உள்ளங்கை அளவு விளையாட்டுக் கருவி. அதில் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் இருந்தது. நான்கு பேர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். இங்கே சித்தப்பா ஒருவர், மற்ற மூவரும் கருவிக்குள்.

"என் கூட்டாளி சரியான மரமண்டை!" என்று கருவியைத் திட்டுவார். சுண்டெலியும் அம்மாவும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

ஒருநாள் கருவி கண்ணை மூடிவிட்டது. பேட்டரியை மாற்றினார்கள், தட்டினார்கள், ஊதினார்கள். ம்ஹூம்.

சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தட்டில் சாப்பாடு ஆறிப்போனது.

"எந்திரிங்க சித்தப்பா."

"எந்திரிச்சு என்ன பண்ணப் போறேன்? இந்த வீட்டுல நான் ஒரு டம்மி."

சுண்டெலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழைய சித்தப்பா அவளுக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் கருவி ஓட வேண்டும். ரிப்பேர் கடைக்குப் போன் செய்தாள்.

"எங்க பிரிட்ஜ் ஓடல."

"லைட் எரியுதா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"எரியல."

"சத்தம் வருதா?"

"முன்னாடி வரும். இப்ப இல்ல. சீக்கிரம் வாங்க. சித்தப்பா சாப்பிடறதே இல்ல!"

"ஐயோ பாவம், உள்ள எல்லாம் கெட்டுப்போச்சா? இதோ வர்றேன்."

சொன்னபடியே மெக்கானிக் அக்கா வந்தார். தோளில் பெரிய கேஸ் சிலிண்டர். நான்கு மாடி ஏறியதில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நேரே சமையலறைக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். குப்பென்று முகத்தில் குளிர் அடித்தது.

"நல்லா சில்லுன்னுதானே இருக்கு?"

"அதுக்கென்ன? நீங்க யாரு?" என்றாள் அம்மா.

"பிரிட்ஜ் ஓடலைன்னு போன் வந்துச்சே!"

சுண்டெலி அசடு வழியக் கருவியை நீட்டினாள். "ஓடாதது இந்த பிரிட்ஜ், அக்கா."

அக்கா கருவியைப் பார்த்தார். தோளில் இருந்த சிலிண்டரைப் பார்த்தார். அவர் முகம் கடுகடுவென்று ஆனது. அப்போது உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

சுண்டெலி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மன்னிச்சிடுங்க அக்கா. நான்தான் தெளிவா சொல்லல."

தண்ணீர் உள்ளே போனதும் அக்காவின் கோபமும் இறங்கியது. கருவியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஸ்கிரீன் போயிடுச்சு. இனிமே தேறாது. ஆமா, நீங்க பிரிட்ஜா ஆடறீங்க? எனக்கு ரெண்டு பிரிட்ஜும் தெரியும்!"

சுண்டெலி துள்ளிக் குதித்தாள். சித்தப்பா, அம்மா, அக்கா, தான். "உள்ள இருந்த மூணு பேருக்குப் பதிலா வெளியவே மூணு பேர் இருக்கோமே! ஒரே ஒரு ஆட்டம், அக்கா. நீங்க மூச்சு வாங்கி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அலமாரியில் கிடந்த சீட்டுக்கட்டை எடுத்துவந்து, கட்டிலின் குறுக்கே ஒரு பலகை போட்டார்கள். சுண்டெலியும் சித்தப்பாவும் ஒரு கட்சி. துருப்பு இல்லாத ஆட்டம்; ஒவ்வொரு சுற்றிலும் முதலில் விழுந்த இனத்தில் பெரிய சீட்டு எதுவோ, அந்தச் சுற்றின் பிடி அதற்கே. இத்தனை பிடி எடுப்பேன் என்று சுண்டெலிதான் சவால் விட்டாள். அப்படி விட்டால், கூட்டாளி தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்கப் பரப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு கைச் சீட்டையும் சவால் விட்டவரே ஆடுவார். சும்மா இருக்கும் கூட்டாளிக்குப் பெயர், டம்மி.

"பாத்தியா, இங்கயும் நான் டம்மிதான்" என்றார் சித்தப்பா. இப்போது சிரிக்கவில்லை.

ஆட்டம் நகர்ந்தது. இன்னும் ஒரே ஒரு பிடி எடுத்தால் வெற்றி. சித்தப்பாவின் பக்கம் மிச்சமிருந்தவை டைமண்ட் ஜாக்கும், சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் இரண்டும். அடுத்த சீட்டு அங்கிருந்துதான் விழ வேண்டும்.

"பெருசா போடு கண்ணு" என்றாள் அம்மா, ஒன்றும் தெரியாதவள்போல.

சித்தப்பா பேசக்கூடாதே! போர்வை நுனியைக் கடித்துக்கொண்டார்.

சுண்டெலி கண்ணை மூடி யோசித்தாள். டைமண்ட் ராணி இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் ஆட்டின் சீட்டுகள்? இந்த ஒரு சீட்டைத் தவிர எல்லாம் விழுந்துவிட்டன.

"ஆட்டின் ரெண்டு" என்று அதை எடுத்துப் போட்டாள்.

யாரிடமும் ஆட்டின் இல்லை. அந்தப் பொடிச் சீட்டுக்கே பிடி!

"அடப்பாவமே!" என்று அம்மா ஒளித்து வைத்திருந்த டைமண்ட் ராணியைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டோம்! யார் சீட்டால ஜெயிச்சோம், சொல்லுங்க?" என்று கத்தினாள் சுண்டெலி.

சித்தப்பா அந்தச் சீட்டைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "டம்மி சீட்டாலதான்" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "அண்ணி, பசிக்குது."

அக்கா சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கும் உங்க பிரிட்ஜ் ஓடாதுதானே?"

"ஓடவே ஓடாது!" என்றார் சித்தப்பா, வாய் நிறையச் சாப்பாட்டோடு.