செருப்பு போட்டுட்டுத் தொறங்க

மூன்று மாடி ஏறி வந்த கோபம் மெக்கானிக்கின் மூக்கு நுனியில் நின்றது. லிஃப்ட் ஓடவில்லை. ஒரே வீட்டிலிருந்து காலையில் மட்டும் நான்கு ஃபோன்.

முதல் ஃபோனில் ஒரு பெண், "ஃப்ரிட்ஜ் சத்தம் போடுது" என்றாள். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னான். அடுத்ததில், ஆடாமல் இருக்க அட்டையை மடித்துக் கீழே கொடுக்கச் சொன்னான். மூன்றாவதில், ஐஸ் உருகும்வரை அணைத்து வைக்கச் சொன்னான். "அணைய மாட்டேங்குது" என்றாள். நான்காவதில், வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இந்தப் படிகளில் முன்பு எப்போதோ ஏறியதாக நினைவு. ஒரு நாளைக்கு ஆறு வீடு ஏறுகிறவனுக்கு எல்லாப் படியும் ஒன்றுதான்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"காலி பண்றீங்களா?"

"தங்கச்சி வீடு. நாளைக்குச் சாவியக் குடுக்கணும்."

"அணையலன்னா ப்ளக்கப் புடுங்க வேண்டியதுதானேம்மா? அதுக்கும் நான்தான் மூணு மாடி ஏறணுமா?"

"நீங்கதான் ஏறணும்."

சமையலறையில் வெளிச்சம் சரியாக இல்லை. நடுப்பகலிலும் தரை பாதத்தைச் சில்லிட வைத்தது. எரிந்த ரப்பர் வாடை. மூலையில் ஃப்ரிட்ஜ் நடுங்கிக்கொண்டே உறுமியது, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர்களின் குரல்போல. அதன் முன்னால் நீல வார் போட்ட ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

செருப்பைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு வேலையை ஆரம்பித்தான். கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தான். ரப்பர் இறுக்கமாகவே இருந்தது. உள்ளே ஒரு பொருள்கூட இல்லை. ஆனால் காய்கறித் தட்டுவரை வெள்ளை வெளேரென்று ஐஸ். தெர்மோஸ்டாட்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான்.

உறுமல் கூடியது.

"தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு. மாத்தணும்" என்றபடி ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்து முன்னால் இழுத்தான்.

பின்னால், தரையில் ப்ளக் கிடந்தது. அதன் பின்களைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியிருந்தது.

ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

கையை வெடுக்கென்று எடுத்தான். அப்போதுதான் பின்தகட்டில் இருந்த எழுத்து கண்ணில் பட்டது. செய்த வேலையைப் பின்னால் மார்க்கரில் எழுதி வைப்பது அவன் பழக்கம். அடுத்த முறை வரும்போது முதலிலிருந்து தேட வேண்டாம். சாய்ந்து விழும் அதே கையெழுத்து.

எர்த் கட். ஃப்யூஸ் ஓகே.

நினைவு வந்துவிட்டது. போட்டதும் ஃப்யூஸ் போகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். எந்த வயர் கசிகிறது என்று தேடினால் அரைநாள் போய்விடும். கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயரையே வெட்டிவிட்டான். ஃப்யூஸ் போவது நின்றது. ஒரு வாரம் கழித்து இந்த வீட்டில் அப்போது இருந்த பெண் ஃபோன் பண்ணினாள். "அண்ணே, கதவத் தொட்டா சுர்ருங்குது." அவன் சிரித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னான்.

"செருப்பு போட்டுட்டுத் தொறங்கன்னு சொன்னீங்களாமே?"

அக்காக்காரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தெனமும் போட்டுட்டுத்தான் தொறந்தா. அன்னிக்கு வீடு தொடச்சிட்டிருந்தா. வெறுங்காலு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"ஈரக்காலோட தொட்டது அவ திமிருன்னு அவ புருஷன் இன்னும் சொல்லிட்டுத் திரியறான். போலீசும் அதையேதான் எழுதுச்சு. இன்னிக்கு நீங்க தள்ளி வைக்கச் சொன்னீங்க. தள்ளினேன். பின்னால எழுதியிருந்ததப் படிச்சேன். ஸ்டேஷனுக்கு வந்து இது என் எழுத்துன்னு சொல்லுங்க. செத்தவ மேல இருக்கற பழி போகட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"மார்க்கர்ல ஆயிரம் பேர் எழுதுவான். என் தலையில கட்டப் பாக்கறியா?"

பையிலிருந்து தின்னர் பாட்டிலை எடுத்தான். துணியை நனைத்து எழுத்தின்மேல் தேய்த்தான்.

"டேய்! தொடாதடா!"

எழுத்து கரைந்து மையாய் வழிந்தது. கடைசி எழுத்தைத் துடைக்கும்போது விரல்கள் தகட்டோடு ஒட்டிக்கொண்டன.

தாடை இறுகியது. கத்த முடியவில்லை.

சட்டைப்பையில் டெஸ்டரின் குமிழ் சிவப்பாய் எரிந்தது.

யாரோ கையை உதறிவிட்டாற்போல அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தது. உறுமல் சட்டென்று நின்றது.

அக்காக்காரி அழவில்லை. அமைதியாகிவிட்ட ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"கெளம்பிட்டா" என்றாள்.

அவன் எத்தித் தள்ளிய இடத்தில் செருப்பு இல்லை. வாசலை நோக்கி ஈரக் காலடிகள் மட்டும் போயிருந்தன.

பையைக்கூட எடுக்காமல் ஓடினான். வழியெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டினான், அவள் அக்காவைத் திட்டினான், ஃப்ரிட்ஜைச் செய்தவனைத் திட்டினான். வீட்டுக்குள் நுழைந்தபோதும் வலதுகை விரல்கள் மரத்துத்தான் இருந்தன.

சமையலறையிலிருந்து மனைவி சத்தம் போட்டாள். "ஊர் ஃப்ரிட்ஜெல்லாம் ரிப்பேர் பண்றீங்க. நம்ம ஃப்ரிட்ஜத் தொட்டா சுர்ருங்குது, என்னன்னு பாருங்க!"

"தொடாத!"

பாய்ந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கினான்.

உறுமல் நிற்கவில்லை.

"இது யாரு செருப்புங்க?" மனைவி குனிந்து பார்த்தாள். "நீல வாரு. இன்னும் ஈரமா இருக்கு."