ஒரே பக்கம் நீண்ட வால்கள்

மைக்ராஸ்கோப்பில் தங்கையின் ரத்தம் தெரிந்தது. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் கண்ணீர்த் துளிபோல வால் முளைத்து, அத்தனை வால்களும் ஒரே பக்கம் நீண்டிருந்தன. லேப் டெக்னீஷியனான அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நோயால் கோணிய அணுக்கள் ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். எல்லாம் ஒரே திசையென்றால், கண்ணாடியில் ரத்தத்தை இழுத்துப் பரப்பிய கை சரியில்லை என்று அர்த்தம். பதினெட்டு வருடம் இழுத்த கைக்கு இது அவமானம்தான். இருக்கட்டும், தங்கை பிழைத்தால் போதும். எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றியும் அவள் சுண்ணாம்புச் சுவராய் வெளுத்துக்கொண்டே போகிறாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஃபிரிட்ஜின் முனகல், சாயத்தின் காட்டமான வாடை, பக்கத்து அறையில் தங்கை காலாட்டும்போதெல்லாம் கிறீச்சிடும் பெஞ்சு, இவ்வளவுதான் துணை. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கண்ணாடியில் பதமாக இழுத்து, காயவைத்து, சாயமேற்றிப் பார்த்தாள். அதே வால்கள். கண்ணாடியை அப்படியே சுற்றித் திருப்பி வைத்தாள். திசை மாறவில்லை. பெஞ்சு இருக்கும் பக்கமே நீண்டிருந்தன.

காய்ந்து ஒட்டிப்போன ரத்தம் எப்படித் திரும்பும்?

பெஞ்சுச் சத்தம் நின்றது. தங்கையின் காலடி ஓசை அந்த அறை மூலையிலிருந்த தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நகர்ந்தது. அக்கா கண்ணை எடுக்கவில்லை. வால்கள், ஒன்றுவிடாமல், மெல்லக் குழாய்ப் பக்கம் திரும்பின.

சாயத்தில்தான் கோளாறு. அப்படித்தான் இருக்க வேண்டும். நோயில்லாத ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தன் விரலையே ஊசியால் குத்திக்கொண்டாள்.

"அக்கா." தங்கை வாசலில் நின்றாள். "என்னன்னு தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமில்லம்மா. நான்தான் சரியா இழுக்கல."

தங்கையின் பார்வை அக்கா குத்திக்கொண்ட விரலிலேயே இருந்தது.

விரல் நுனியில் துளி திரண்டது. விழவில்லை. நீண்டது. பக்கவாட்டில். நூலாய் மெலிந்து, காற்றில், வாசலை நோக்கி. அக்கா கையை இழுத்தாள். அறுபடவில்லை. ரத்தம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. விரல் வெளுத்தது. உள்ளங்கை. மணிக்கட்டு.

தங்கை அசையாமல் நின்றாள். அவள் உதடுகளில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.