பதினேழு கிணறும் மூன்று கேட்டும்

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, ஒரு செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஞானபாய் அம்மாள் குன்னத்துகாலில் ஆட்டோவை விட்டு இறங்கினார். பொன்னையன் வீட்டு முன்னறையில் அப்போது வக்கீல் ஸ்மிதாவும் இருந்தாள். பொன்னையன் அரசுத் தடயவியல் துறையில் இருபத்தெட்டு வருடம் ஆவணங்களைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் கள்ளக் கையெழுத்து வழக்கு எது வந்தாலும் ஸ்மிதா நேரே அவரிடம்தான் ஓடி வருவாள். ஒரு காகிதத்தைப் பார்த்தபடி அவர் அரைமணி நேரம் பேசாமல் இருப்பார்; அவளால் அரை நிமிடம் இருக்க முடியாது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு என் ஆபீஸ்ல போலீஸ் சோதன, சார்," என்றார் ஞானபாய், உட்காராமலே. "தேச ரகசியத்தப் பத்திரிகையில போட்டேன்னு கேஸ்."

உதியன்குளங்கரை சந்திப்பில், ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவர் நடத்தும் வாரப் பத்திரிகை 'எல்லைத்தபால்'. வெள்ளிக்கிழமை இதழின் முதல் பக்கத்தை மேசையில் விரித்தார். வெள்ளறடைக்கு அப்பால் முள்ளிப்பொற்றை என்ற குன்றின்மேல் அரசின் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று உண்டு. அங்கே கழிவுநீர்த் தொட்டி கசிந்து, அடிவாரத்துக் கிணறுகள் பதினான்கில் ரசாயனம் கலந்திருக்கிறது என்று மார்ச் மாதம் அதிகாரிகளே பரிசோதித்து எழுதியிருந்தார்கள். எழுதி, 'ரகசியம்' என்று முத்திரை குத்தி உள்ளே வைத்துவிட்டார்கள். ஏழு மாதமாக ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

"கிணத்துல என்ன கெடக்குன்னு குடிக்கிறவன் அறியணும். அத மட்டுமாக்கும் நான் போட்டது," என்றார் ஞானபாய். "அறிக்கையில கிடங்குக்க வரைபடமும் உண்டு. எந்த ஷெட்டு எங்க, கேட்டு எங்கன்னு எல்லாம். அத நான் போடல்ல. அதுனால எங்க ஆளுகளுக்கு ஒரு உபகாரமும் இல்ல; கெடுதல் நெனைக்கிறவனுக்குத்தான் உதவும்."

பிறகு போனை நீட்டினார். சனிக்கிழமை காலையிலிருந்து வாட்ஸாப்பில் சுற்றும் படம் அது. அதே பத்திரிகைத் தலைப்பு, அதே செய்தி. கீழே விளம்பரம் இருக்கவேண்டிய இடத்தில் கிடங்கின் வரைபடம்.

"அச்சடிச்ச பேப்பரக் காட்டினா தீந்துதே, அக்கா! இதுல படம் இல்லியே!" என்றாள் ஸ்மிதா.

"ஸ்டேஷன்ல காட்டினேன். ரெண்டு விதமா அடிச்சு ஒண்ண ஒளிச்சிட்டேன்னு சொல்லுதாவ. நான் ஜெயிலுக்குப் போனா போட்டும், மக்கா. ஆனா கம்ப்யூட்டரையும் காகிதத்தையும் வாரிக்கிட்டுப் போனா, அறிக்கையக் கொண்டு தந்த ஆள் சிக்கும். அந்த ஆளுக்கு நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"அப்ப உங்க கையில உள்ள அறிக்கைய சாருக்கிட்ட காட்டுங்க. ரெண்டு வரைபடத்தையும் ஒத்துப் பாத்தா—"

"காட்டமாட்டேன். அதுல அந்த ஆளுக்க கைக்குறிப்பு உண்டு."

"எனக்கும் வேண்டாம்," என்றார் பொன்னையன் அமைதியாக. "பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா நாளைக்கு என்கிட்ட கேப்பாங்க. ஊரே பாத்த இந்த ரெண்டும் போதும்."

ஸ்மிதா ஞானபாயைப் பார்த்தாள். அவரைக் காப்பாற்றக்கூடிய காகிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த அம்மாள் அதைத் தொடமாட்டேன் என்கிறார். வக்கீல் தொழிலில் அவள் பார்த்த கட்சிக்காரர்கள் யாரும் இப்படி இல்லை.

பொன்னையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போனில் விரலை வைத்துப் பெரிதாக்கினார். செய்தியின் எழுத்துகள் ஓரம் கலைந்து மங்கலாக இருந்தன. வரைபடத்தின் கோடுகளோ பளிச்சென்று இருந்தன. பிறகு கேட்டார்: "பேப்பர்ல பதினாலு கிணறு. போன்ல பதினேழு. அது எப்பிடி?"

ஞானபாயின் முகம் மாறியது. "பதினேழு, புதன்கிழமை புரூஃப்ல இருந்த தப்பாக்கும்! பரிசோதிச்சது பதினேழு கிணறு, கெட்டுப்போனது பதினாலு. வியாழக்கிழமை காலையில நானே கண்டு திருத்தினேன்."

"திருத்தாத புரூஃபை யாரெல்லாம் பாத்தாங்க?"

"கம்ப்யூட்டர்ல பக்கம் வடிவமைக்கிற பையன் அகிலேஷ். பிறகு அந்தத் தொட்டியப் பராமரிக்கிற காண்ட்ராக்டர் சுந்தரதாஸ். அவரக் குறை சொல்லுத செய்தியில்லியா? அவருக்க பதிலும் வேணும்னு புதன்கிழமை சாயங்காலம் வாட்ஸாப்பில அனுப்பினேன். பதில் வரல்ல. சனிக்கிழமை போலீஸ்ல புகார் குடுத்ததும் அவருதான்."

"புகார் குடுத்தவனே கள்ளனா இருப்பானா?" ஸ்மிதா எழுந்தே விட்டாள். "அகிலேஷ்தான் சார். பக்கம் அவன் கையில. யாராவது அவன வளைச்சிருப்பாங்க."

"இருக்கலாம்," என்றார் பொன்னையன். "காரை எடு. முள்ளிப்பொற்றையப் பாத்திட்டு வருவோம்."

ஞானபாய் உதியன்குளங்கரைக்குத் திரும்பினார். மற்ற இருவரும் வெள்ளறடை தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறும் சாலையில் போனார்கள். அடிவாரத்தில் ரப்பர் பால்வெட்டும் யோசுவா தன் வீட்டுக் கிணற்றைக் காட்டினார். தகரம் போட்டு மூடி, மேலே கல் தூக்கி வைத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை பேப்பரப் பாத்த பெறகு ஒரு சொட்டு கிணத்து வெள்ளம் குடிக்கல்ல," என்றார். "முன்ன ரெண்டு தடவ கிடங்குல போய்க் கேட்டோம். வெள்ளத்துக்கு ஒரு குறையும் இல்லன்னு சொல்லி அனுப்பினாவ. எனக்க இளைய பிள்ளைக்கு மேலெல்லாம் தடிப்பு."

அவர் பேசும்போதே ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு வீட்டை ஒட்டிப் போனது. இந்தக் குறுகிய ரோட்டில் லாரியா என்று ஸ்மிதா முகத்தைச் சுளித்தாள்.

"மேல கிடங்குக்குப் புது கேட்டு வச்சாவ, மோளே. முன்ன ரெண்டு கேட்டுதான், ரெண்டும் அந்தப் பக்கம். இது ஓணம் கழிஞ்சு தொறந்ததாக்கும். அதுலேருந்து எல்லா லாரியும் நம்ம வாசல் வழியா."

பொன்னையன் போனை எடுத்து அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தார். "போலாம்," என்றார். கேட் வரைக்கும்கூட அவர் நடக்கவில்லை. திரும்பும் வழி முழுக்க ஸ்மிதா அகிலேஷுக்கு எதிராக வாதாடிக்கொண்டே வந்தாள். அவர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே டயர் கடை மாடி நிறைந்துவிட்டது. டிவைஎஸ்பி சதாசிவன் இரண்டு காவலர்களோடு வந்திருந்தார். புகார்காரர் சுந்தரதாஸ் வெள்ளைச் சட்டையில், சாட்சியாக நாற்காலியில் அமர்ந்திருந்தார். அகிலேஷ் கம்ப்யூட்டர் முன்னால் உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தான். ஞானபாய் மட்டும் அடுத்த இதழுக்கான தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்கு இன்னும் நேரம் உண்டு," என்றார் பொன்னையன். "சார், மூணு கேள்வி. நீங்க அந்த ரகசிய அறிக்கையப் பாத்ததுண்டா?"

சதாசிவன் தயங்கினார். "இல்ல. எனக்கும் காட்டல்ல. ரகசியமில்லியா?"

ஒரு காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பொன்னையன் சிரிக்கவில்லை. சுந்தரதாஸ் பக்கம் திரும்பினார்.

"போன்ல சுத்துத வரைபடம் கிடங்குக்க சரியான படம்தானா? உங்களுக்குத் தெரியுமே."

"சரியான படம்தான். அதில்லியா குத்தம்!" என்றார் சுந்தரதாஸ். "தேசத்துக்க பாதுகாப்பு, சார். மூணு கேட்டையும் அப்பிடியே வரைஞ்சு ஊருக்கெல்லாம் காட்டினா என்னாவும்?"

"மூணாவது கேட்டு ஆரு கெட்டினது?"

"நாந்தான். எனக்க காண்ட்ராக்டு. ஓணம் கழிஞ்ச ஒடனே முடிச்சுக் குடுத்தேன்." அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

பொன்னையன் அச்சடித்த பத்திரிகையை டிவைஎஸ்பி முன் வைத்தார். "முதல் வரியப் படிங்க. மார்ச் மாச அறிக்கை. மார்ச்சில எழுதின அறிக்கையில, செப்டம்பர்ல கெட்டின கேட்டு எப்பிடி வரும்?"

ஸ்மிதாவும் அதே லாரியைப் பார்த்திருந்தாள், அதே பேச்சைக் கேட்டிருந்தாள்.

"ஞானபாய் கையில எந்த அறிக்கை இருந்தாலும் சரி, போன்ல சுத்துத வரைபடம் அதுலேருந்து வந்ததில்ல," என்று தொடர்ந்தார் பொன்னையன். "புது கேட்டுக்க பிளான் ஆருகிட்ட இருந்துதோ அங்கேருந்து வந்தது."

"அகிலேஷ் செய்திருப்பான்," என்றார் சுந்தரதாஸ். "பக்கம் அவன்கிட்டதான இருக்கு."

"பக்கம் அவன்கிட்ட இருக்கு. அதனாலேயே அவன் இல்ல. அவன் செய்திருந்தா எழுத்தும் படம் மாதிரி தெளிவா இருக்கும். இதுல எழுத்து மங்கல். போன்ல வந்த படத்த எடுத்து ஒட்டினது. வரைபடம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு. அது மூலப் பிளான். பிறகு இந்தப் பதினேழு. அச்சில வராத தப்பு. புதன்கிழமை புரூஃப்ல மட்டும் இருந்த தப்பு. அது போன் வழியா வெளிய போனது ஒரே ஒரு ஆளுக்கு."

சதாசிவன் கையை நீட்டினார். சுந்தரதாஸ் போனைக் கொடுக்கவில்லை; காவலர் எடுத்துக் கொடுத்தார். ஞானபாய் புதன்கிழமை அனுப்பிய பக்கம் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அதன்மேல் வரைபடம் ஒட்டிப் பார்த்த மூன்று படங்களும் அழிக்காமல் கிடந்தன.

"தொட்டியப் பத்திப் பேச்சு வந்தா எனக்க காண்ட்ராக்டு போயிரும்," என்றார் சுந்தரதாஸ் தலையைத் தொங்கப்போட்டு. "வரைபடம்னு சொன்னா ஆரும் தொட்டியப் பத்திப் பேசமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"தேச ரகசியத்த ஊருக்குக் காட்டினது இந்தப் பத்திரிகை இல்ல, சார்," என்றார் பொன்னையன். "அத மறச்சு வச்சது இந்தப் பத்திரிகை."

சதாசிவன் சோதனை உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தார். காவலர்கள் சுந்தரதாஸை அழைத்துக்கொண்டு இறங்கினார்கள். அகிலேஷ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். ஸ்மிதா அவனருகில் போய், தான் அவனைச் சந்தேகித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"அறிக்கைய ஆரு தந்தான்னு எனக்கு இன்னும் கேக்கவேண்டியிருக்கு," என்றார் சதாசிவன் ஞானபாயிடம். "அந்தக் கேஸ் தீரல்ல."

"கேளுங்க, சார். கோர்ட்டுக்கும் வாறேன். பேரு மட்டும் சொல்லமாட்டேன்."

"கோர்ட்டுல நான் நிப்பேன்," என்றாள் ஸ்மிதா. யாரும் அவளைக் கேட்கவில்லை.

சதாசிவன் படி வரைக்கும் போனார். அங்கே நின்று தொப்பியைக் கழற்றினார். திரும்பியபோது குரல் தணிந்திருந்தது.

"நீங்க கிணறுகளுக்கு சர்வே நம்பர்தான் போட்டிருக்கீங்க. வீட்டுப் பேரு இல்ல. பொற்றைக்குக் கிழக்க, சின்ன சர்ச்சுக்கு அடுத்த வீடு. எனக்க தங்கச்சியக் கெட்டிக் குடுத்தது அங்க. ரெண்டு பிள்ளைக உண்டு. அது..."

ஞானபாய் பேனாவைக் கீழே வைத்தார். எந்தத் தாளையும் புரட்டவில்லை. பதினான்கு வீடும் அவருக்கு மனப்பாடம்.

"உண்டு, சார். ஆறாவது."

சதாசிவன் அங்கேயே, அந்தப் படியிலேயே நின்று போனைக் காதில் வைத்தார்.

"எடீ, அண்ணனாக்கும். கிணத்து வெள்ளம் எடுக்கண்டாம். பிள்ளைகளுக்குக் குடுக்கவே குடுக்கண்டாம். ஆரு சொன்னதா? பேப்பர்ல வந்திருக்கு."