தாளில் விழாத முடி

வெள்ளைத் தாளில் ஒரு முடிகூட விழவில்லை.

அவள் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இடது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு மழித்த இடம் வழவழவென்று இருந்தது. கத்தி போன வழியெல்லாம் முடி போயிருந்தது. ஆனால் போன முடி அலகிலும் இல்லை, மேசையிலும் இல்லை, மடியிலும் இல்லை. மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். மடக்குக் கத்தி சேர்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. சாணைக்கல்லில் தீட்டி முடித்ததும் கூர்மை வந்துவிட்டதா என்று கைமுடியை மழித்துப் பார்ப்பார்கள். அதனாலேயே அவர்களுடைய இடது கை அரைகுறையாக அழித்த கரும்பலகை மாதிரி இருக்கும். பத்து வருடமாக அவள் கையும் அப்படித்தான். மழித்த முடி தாளில் விழும், அவள் ஊதித் தள்ளுவாள். இன்று ஊதுவதற்கு ஒன்றுமில்லை.

பறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கத்தியை மடக்கினாள். 'டக்' என்று விழுந்தது. அவளிடமிருந்த முப்பத்தொரு கத்திகளில் எதுவும் இவ்வளவு திருப்தியாக மூடியதில்லை.

பார்சல் கிடங்கில் பிரிப்புப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. நாள் முழுக்க ஒட்டு நாடாவும் பிளாஸ்டிக் பட்டையும் அட்டைப்பெட்டியும். கிடங்கில் கொடுத்த மஞ்சள் நிற வெட்டியை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. அதை வைத்துக்கொண்டு வாழைப்பழத்தைக்கூட வெட்ட முடியாது என்பாள். வீட்டு அலமாரியின் மேல் இழுப்பறையில் துணி விரித்து வரிசையாக அடுக்கிய கத்திகளில் தினம் ஒன்றை எடுத்து வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவாள். கிடங்கில் அவளுக்குக் கத்தியக்கா என்றே பெயர். பஸ் ஓட்டுகிற கணவன், மற்றவர்கள் உடுப்புக்கு ஏற்ற மாதிரி செருப்புப் போடுவார்கள், எங்கள் வீட்டில் கத்தி போடுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். சேர்க்கிறவர்களுக்குக் கேலியெல்லாம் உறைக்காது.

இந்த முப்பத்திரண்டாவது கத்தி முந்தின நாள்தான் வந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். கரண்டிகள், சட்டம் போன கண்ணாடி, ஒரு சூட்கேஸ், அதற்கு நடுவில் இது. கொம்புப் பிடி. ஒரே அலகு. எந்தப் பட்டறையின் முத்திரையும் இல்லை. மேசைக்குப் பின்னால் நின்ற வயதான பெண்ணின் இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. மெஷினில் போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். கிடங்கிலும் அப்படி இரண்டு பேர் உண்டு. அந்தம்மாவுக்குப் பின்னால், உள்ளே நாற்காலியில், முப்பது வயது மதிக்கத்தக்க மகள் தலையில் துணி கட்டி உட்கார்ந்திருந்தாள். புருவம் இல்லை, இமைமுடியும் இல்லை. ஏதோ நோய், பாவம்.

"எடுத்துட்டுப் போம்மா. ஆனா எப்பவும் உன் பாக்கெட்டுலயே இருக்கட்டும்," என்றாள் அந்தம்மா. "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா அவங்ககிட்ட மட்டும் காட்டாதே."

கத்தியைப் பற்றி எல்லோரும் சொல்வதுதானே. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மனசெல்லாம் கொம்புப் பிடியிலேயே இருக்க, நடையைக் கட்டினாள்.

மூன்று வாரம் அந்தக் கத்தி மழுங்கவே இல்லை. பிளாஸ்டிக் பட்டையை ஒரு நாளைக்கு நூறு முறை அறுத்தால் எப்பேர்ப்பட்ட கத்தியும் மாலைக்குள் பல்லிளித்துவிடும். இது காலையில் இருந்த மாதிரியே மாலையிலும் இருந்தது. மற்ற முப்பத்தொன்றும் இழுப்பறையில் தூங்கின. அவள் அதைத் தீட்டவில்லை, ஆனாலும் தினமும் கையில் சோதித்தாள். சோதிக்க வேண்டும் போலிருந்தது. இடது முன்கை முழுக்க வழித்தாகிவிட்டது, பிறகு முழங்கைக்கு மேலே. தாளில் ஒரு முடிகூட விழவில்லை. அதைப் பற்றி அவள் யோசிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

யோசிக்காமல் இருக்க முடியாதது நாற்றம்தான். முதலில் பாக்கெட்டில் கை விட்டால் விரலில் ஒரு பிசுக்கு ஒட்டியது. எண்ணெய் அதிகமாக விட்டுவிட்டோம் என்று துடைத்தாள். மறுநாளும் பிசுக்கு. முகர்ந்து பார்த்தபோது மெஷின் எண்ணெய் வாசனை இல்லை. மாதக்கணக்கில் துவைக்காத தலையணை உறையின் வாசனை, தலையை அழுத்தி அழுத்தி ஊறிப்போன அந்தக் கொழகொழப்பு. சாப்பாட்டு வேளையில் அதே கையால் ரொட்டியைப் பிய்த்தவள் பாதியில் எழுந்து போய்த் துப்பினாள். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். நகக்கண்ணில் மட்டும் அது போகவில்லை. அன்றைக்கே கத்தியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஆனால் மழுங்காத கத்தியை எவளாவது எறிவாளா? அவள் எறியவில்லை.

எறியாததுகூடப் பெரிய தப்பில்லை. தப்பு நடந்தது அந்த வெள்ளிக்கிழமை மாலை. ஏழு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஆப்பிள் வெட்டித் தரச் சொல்லிப் பக்கத்தில் வந்து நின்றாள். கத்தி காற்றை வெட்டுகிற மாதிரி ஆப்பிளுக்குள் போய் வந்தது. மகள் வாயைப் பிளந்தாள். அதென்ன மந்திரக் கத்தியா, என் கையிலும் முடி எடுக்குமா என்று கேட்டாள். பெருமை பிடித்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். மகளின் மெல்லிய கையைப் பிடித்து, தோலில் படாமல், பூனைமுடி மாதிரி இருந்த அந்தப் பொன்னிற ரோமத்தின் மேல் ஒரே ஒரு இழுப்பு. ஒரு நகம் அளவுக்கு. கூச்சத்தில் மகள் நெளிந்து சிரித்தாள். கத்தி மூடியபோது 'டக்' சத்தம் வரவில்லை. மெத்தென்று, வாயை மூடுவது போல மூடியது.

செவ்வாய்க்கிழமை மகளைக் குளிப்பாட்டும்போது பார்த்தாள். நகம் அளவு இருந்த இடம் முழங்கை வரைக்கும் போயிருந்தது.

"என்னடி பண்ணினே கையில?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. அதுவா போகுது."

வியாழக்கிழமை மற்ற கையும் வழுவழுவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை தலை வாரும்போது பிடரியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் தோல். கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பதறித்தான் போனான், ஆனால் பூச்சி வெட்டு, எனக்கும் சின்ன வயதில் வந்திருக்கிறது, திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டலாம் என்றான். அவன் சொன்னதை அவள் பற்றிக்கொள்ளப் பார்த்தாள். தலையணையை உதறினாள், படுக்கை விரிப்பை உதறினாள், குளியலறை வடிகாலைக்கூடக் கிளறினாள். மகளின் முடி ஒன்றாவது கிடைத்தால் போதும், அது வெறும் நோய் என்று நம்பிவிடுவாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கத்தியை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொள்ளாத குறையாக உடம்போடு வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் மகளுக்கு ஒரு புருவம் இல்லை.

அவளுக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. தலைத்துணி. புருவமில்லாத முகம். செருப்புக்கூடப் போடாமல் இரண்டு தெருவும் ஓடினாள். அந்த வீட்டுக் கதவில் பூட்டு, வாசலில் மேசையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது என்றார். போகும்போது அந்தப் பெண் தலைத்துணியை எடுத்துவிட்டிருந்தாள், குழந்தைக்கு முளைக்கிற மாதிரி புதுசாக முடி முளைத்திருந்தது, அதைத் தடவித் தடவி அழுதுகொண்டே போனாள் என்றும் சொன்னார். அவள் அங்கேயே சாக்கடை ஓரம் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கணவன் வேலைக்குப் போயிருந்தான், திரும்ப இரண்டு மணி நேரமாவது ஆகும். மகள் கூடத்தில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வண்ணப் பென்சில் உரசும் சத்தம் உள்ளறை வரைக்கும் கேட்டது. இதைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். கத்தி கோளாறு செய்தால் கத்திக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள். உள்ளே இருக்கும் அழுக்கை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பீரோவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கத்தி இருந்த தட்டில் ஈரம். பிடி கையில் சூடாக இருந்தது. காய்ச்சல்காரரின் உள்ளங்கை போல. மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு மேசைக்குக் கொண்டுபோனாள். வெள்ளைத் தாளை விரித்தாள். பழக்கம்.

அலகை முழுதாக விரித்தாள். பிடியில் மூன்று திருகுகள். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இரண்டைக் கழற்றினாள். நகத்தைக் கொடுத்து ஒரு பக்கப் பிடியை நெம்பினாள். பிசின் போல எதுவோ இழுபட்டு, நூல் நூலாக நீண்டு, அறுந்தது.

உள்ளே முடி.

அடைத்து வைத்த முடி. கறுப்பு, நரை, செம்பட்டை. சுருண்டு, நனைந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. கரடுமுரடாக இருந்தவை அவளுடைய கைமுடிகள். நடுவில் ஒரு பொன்னிறக் கொத்து. இடுக்கியை எடுத்து முடிகளை ஒதுக்கினாள். அடியில் இரும்பு தெரியும் என்று எதிர்பார்த்தாள்.

இரும்பு இல்லை. வெளிறிய ரோஜா நிறம். மெல்லிய தோல். துளித்துளியாக வேர்த்திருந்தது. ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு துளையிலிருந்து வந்திருந்தது.

அது உள்ளே போனதல்ல. அங்கே வளர்வது.

பிடுங்கினால் போதும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால். பொன்னிற முடி ஒன்றை இடுக்கியால் பற்றினாள். இழுத்தாள். வரவில்லை. தோல் மட்டும் எழும்பி வந்தது. இன்னும் இழுத்தாள்.

கூடத்தில் பென்சில் சத்தம் நின்றது.

"அம்மா, இழுக்காதே. வலிக்குது."

இடுக்கி முடியை விடவில்லை. விட விரல்களுக்குத் தெரியவில்லை.

மகள் அறை வாசலுக்கு வந்து நின்றாள். ஒரு கையில் சிவப்புப் பென்சில். உச்சந்தலைத் தோல் ஒரு கூம்பாக மேலே எழும்பி நின்றது. யாரும் இழுக்கவில்லை. யாரும் அருகில் இல்லை. அவள் இடுக்கியைத் தளர்த்தினாள். கூம்பு மெல்ல அமிழ்ந்தது.

அப்போதுதான் அலகு அசைந்தது.

மூடத் தொடங்கியது. தானாக. அவசரமில்லாமல். மூடினால் அது விழும் இடத்தில்தான் அந்தத் தோல் இருந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தாள். பிசுக்கில் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். மறுபடி வழுக்கியது. பாதி இறங்கிவிட்டது. யோசிக்க நேரமில்லை. இடது ஆள்காட்டி விரலை நடுவில் வைத்தாள்.

மழுங்காத கத்தி.

முதலில் வலிக்கவே இல்லை. பிறகு எலும்பில் பட்டு நின்றது. நின்றபடியே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தியது. அந்தம்மாவுக்கு இரண்டு விரல் போயிருந்தது. ஒரு விரல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளைக் கேட்டிருக்கலாம்.

"அங்கேயே நில்லு குட்டி. அம்மாகிட்ட வராதே."

ரத்தம் விரலிலிருந்து இறங்கி, முடிகளுக்கு நடுவே, அந்த ரோஜா நிறத் தோலின் மேல் பரவியது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"அம்மா," என்றாள் மகள். தலையைத் தொட்டு, கையைப் பார்த்தாள். "என் தலை நனையுதும்மா. சூடா இருக்கு."

முன்நெற்றி முடிக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. நெற்றி வழியாக, மெதுவாக. புருவம் இல்லாத பக்கத்தில் அதைத் தடுக்க எதுவும் இல்லாததால், நேராகக் கண்ணுக்குள் போயிற்று.