அறுபதுக்குக் கீழே

பணகுடியைத் தாண்டி, முன்னால் போன டவுன் பஸ்ஸுக்காக வேகத்தைக் குறைத்தபோதுதான் குமரவேல் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டான். லாரியின் பின்பக்கம், அச்சுக்கு மேலே எங்கேயோ, யாரோ உள்ளங்கையால் தகரத்தில் தட்டுகிற மாதிரி. தட். தட். தட். பதினாறு வருஷமாக லாரி ஓட்டுகிறவன் அவன். தளர்ந்த போல்ட் எப்படிக் கத்தும், ஸ்பிரிங் பட்டை உடைந்தால் எப்படி முனகும், தார்ப்பாயின் கயிறு காற்றில் எப்படி அடித்துக்கொள்ளும் என்றெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவான். இது அதில் எதுவும் இல்லை. ஈரமான கையால் தட்டுகிற சத்தம் அது.

பஸ்ஸை முந்திக்கொண்டு அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். மீட்டர் முள் அறுபதைத் தொட்டதும் சத்தம் நின்றுவிட்டது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசி மாத மழை. மணி ஆறுகூட ஆகவில்லை, அதற்குள் வெளிச்சம் செத்துப்போயிருந்தது. பின்னால் கடற்கரையில் ஏற்றிய சீலா மீன், நாற்பது பெட்டி, ஐஸ் போட்டது. உருகிய தண்ணீர் பலகை இடுக்குகளில் ஒழுகி வழிநெடுகச் சொட்டிக்கொண்டு வந்தது. ஐஸ் கரைவதற்குள் மதுரை போயாக வேண்டும். அப்படிப்பட்ட சரக்குக்கென்றே முதலாளிமார் குமரவேலைத்தான் கூப்பிடுவார்கள். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு மற்றவர்கள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் சாலையை அவன் ஒன்றேகால் மணியில் முடிப்பான். பிரேக்கில் கால் வைப்பதை அவன் ஓர் அவமானம் மாதிரியே நினைத்தான். ஊர் வந்தால் ஹாரன். மாடு வந்தால் ஹாரன். மனுஷன் வந்தாலும் ஹாரன்தான். ஒதுங்க வேண்டியது அவர்கள் பாடு.

இன்றைக்கு மாற்று டிரைவராக வந்திருந்தவர் பர்னபாஸ். உவரிக்காரர், ஐம்பத்திரண்டு வயது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதவர், இதுவரை ஒரு கோழியைக்கூட அடிக்காதவர். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் 'வேகம் 30' என்று எழுதிய பலகையை மதிக்கிற ஒரே டிரைவர் அவர்தான் என்று லாரி ஷெட்டில் எல்லோரும் கேலி பேசுவார்கள்.

வள்ளியூரில் ஒரு கல்யாண ஊர்வலம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. ஊர்ந்துதான் போக முடிந்தது. சத்தம் மறுபடியும் வந்தது. இந்த முறை அச்சுக்கு மேலே இல்லை, அதற்கு முன்னால், லாரியின் நடுவயிற்றில். குமரவேல் ஓரமாக நிறுத்தி, அண்ணாச்சி, கீழே என்னவோ தட்டுகிறது, ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றான். அவனே இறங்கிப் பார்த்திருக்கலாம். அவன் இறங்கவில்லை.

பர்னபாஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து போனார். சக்கரங்களுக்கு நடுவே வெளிச்சம் அலைவது கண்ணாடியில் தெரிந்தது. திரும்பி ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணுங் கிடையாது வே. குறுக்குச் சட்டத்துல கொஞ்சம் புல்லு சிக்கிக் கெடக்கு. பச்சப் புல்லு. இப்ப அறுத்த மாதிரில்லா இருக்கு."

குமரவேல் அவசரமாகக் கியரைப் போட்டான்.

பதினோரு நாளைக்கு முன்னால், இதே சாலையில், நாங்குநேரியைத் தாண்டிய குளத்தங்கரையில், அந்தி நேரத்தில் ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டுடன் சாலையைக் கடந்தாள். எழுபதில் போய்க்கொண்டிருந்தான். ஹாரன் அடித்தான். அவள் நின்றுவிடுவாள் என்று நினைத்தான். அவளோ வண்டி நின்றுவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். புல்லுக்கட்டு வெடித்து முன்கண்ணாடி முழுக்கப் பச்சையாக அப்பியது. அதன் பிறகு மொத்தமாக ஒரு குலுங்கல். வைப்பரைப் போட்டு, புல் வழிந்து இறங்கி, சாலை திரும்பத் தெரிந்தபோதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. அவள் சாகவில்லை. குறுக்குச் சட்டத்தில் சேலை சிக்கி, லாரியோடு இழுபட்டுக்கொண்டே, அடித்தகட்டில் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று சொல்வதற்கு அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு கைதான்.

ஆள் மேல் ஏற்றிவிட்டால் நிற்காதே என்பது அந்தச் சாலையில் ஓட்டுகிற ஒவ்வொருவனுக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். நின்றால் ஊர் கூடி அடித்தே கொன்றுவிடும். குமரவேல் நிற்கவில்லை. அந்தத் தட்டல் காதில் விழாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் மிதித்தான். எண்பது. எண்பத்தைந்து. மூன்றடைப்பு ஊரைத் தாண்டும்போது சத்தம் நின்றது.

மறுநாள் விடியும்முன் ஆற்றில் வண்டியை இறக்கி, அடிப்பாகத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினான். சட்டத்தில் சுற்றியிருந்த துணியையும், துணியோடு ஒட்டியிருந்த முடியையும் பிடுங்கித் தாமிரபரணியில் விட்டான். பேப்பரில் நான்கு வரி வந்திருந்தது. புல்லுக்கட்டு கிடந்த இடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி உடல் கிடந்ததாம். பெயரைப் படிக்குமுன் பக்கத்தைத் திருப்பிவிட்டான்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது வள்ளியூரை விட்டு வெளியே வந்ததும் மிதித்த மிதியில் பெட்டிகள் பின்னால் குதித்தன. அறுபது. அறுபத்தைந்து. சத்தம் இல்லை. மழைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு டயர்கள் இரைந்தன. அந்த இரைச்சல் அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு மேட்டில் எதிரே பஸ் வந்து, கொஞ்சம் ஒதுங்க வேண்டியிருந்தது. முள் நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. தட். தட். இந்த முறை அவன் இருக்கைக்கு நேர் பின்னால், கேபினுக்கும் பாடிக்கும் நடுவே. அப்போதுதான் அவனுக்கு அது புரிந்தது. வேகம் குறைகிற ஒவ்வொரு முறையும் அது முன்னால் வருகிறது. ஊர்ந்து, கையை ஊன்றி ஊன்றி.

நாங்குநேரி கடைத்தெருவில் பலகை முப்பது என்றது. குமரவேல் அறுபத்திரண்டில் நுழைந்தான். மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் கடைப்படிகளில் பாய்ந்து ஏறினார்கள். ஒரு தள்ளுவண்டி உருண்டது. பர்னபாஸ் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஏலே, ஊருக்குள்ள எதுக்குலே இப்படிப் பறக்குத? பைய போ!"

அவன் காலை எடுக்கவில்லை. கோயிலுக்குத் திரும்பும் வளைவில் ஒரு பால்காரர் சைக்கிளோடு நடுச்சாலைக்கு வந்துவிட்டார். ஹாரன். சைக்கிள் ஒடிந்த சத்தம் கேட்டது. கேன் எகிறி முன்கண்ணாடியில் மோத, கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்தது. விரிசல்களில் பால் வெள்ளையாக இறங்கியது. அதன் பின்னால், மெல்ல, சிவப்பும் இறங்கியது. வைப்பர் இரண்டையும் சேர்த்து இழுத்துவிட்டது.

பர்னபாஸ் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். லாரி தள்ளாடியது. குமரவேல் முழங்கையை மடக்கி அவர் வாயில் ஓங்கி இடித்தான். ஒரு முறை. பிடி விடவில்லை. மறுபடியும் இடித்தான். பல் உடைவதை முழங்கை எலும்பில் உணர்ந்தான். அவர் கதவில் போய் விழுந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்தது.

ஊர் பின்னால் போனது. வலது பக்கம் குளம், இருட்டில், தகடு மாதிரி. குமரவேல் அந்தப் பக்கம் பார்க்காமல் பேச ஆரம்பித்தான். புல்லுக்கட்டிலிருந்து ஆறுவரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். கடைசியில் அழுதான்.

"நின்னா ஏறிரும் அண்ணாச்சி. அறுபதுக்குக் கீழ போனா முன்னால முன்னால வருது. நின்னா உள்ள ஏறிரும்."

பர்னபாஸ் ரத்தத்தைத் துப்பினார். வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். உடைந்த வாயோடு குழறிக் குழறி, நீ செய்தது மகா பாவம், மூன்றடைப்பு ஸ்டேஷனில் வண்டியை விட்டு இறங்கு, நான் கூட வருகிறேன் என்றார். கேட்பதெல்லாம் உன் மனசுக்குள் கேட்பது, பயத்தில் கேட்பது என்றும் சொன்னார்.

மழையில் சாலை அரித்துப்போய், முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகக் கிடந்த இடம் ஒன்று வந்தது. வேறு வழியில்லை. கியரை இறக்கினான். ஐம்பது. முப்பது. பதினைந்து.

தட்.

இருக்கைக்குப் பின்னால் இல்லை. காலடியில். பர்னபாஸின் காலுக்கு நேர் கீழே இருந்த தரைத்தகடு அதிர்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். மறுபடியும் தட். தகடு உள்பக்கமாக மேலெழும்பி, ஓர் உள்ளங்கை அளவுக்குப் புடைத்து நின்றது. ஐந்து விரல்களும் தெரிந்தன. இடுக்கு வழியாக மீன் நாற்றத்தையும் டீசல் நாற்றத்தையும் மீறி அறுத்த புல்லின் வாடை மேலே வந்தது.

பர்னபாஸ் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் மடக்கி வைத்துக்கொண்டார். கழுத்துச் சிலுவையை உடைந்த வாயில் வைத்துக் கடித்தார். ஒரு கோழியைக்கூட அடிக்காத மனுஷன் சொன்னார்.

"மிதிலே. நிப்பாட்டாத. மிதி."

எழுபது. எண்பது. மூன்றடைப்பு ஸ்டேஷன் விளக்கு ஒரு கீற்றாக வந்து போனது. இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு நாய் அடிபட்டது. இன்னொன்றும் அடிபட்டது, அது நாய்தானா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் ஒரு வளைவு திரும்பியதும் சிவப்பு விளக்கு தெரிந்தது. ரயில்வே கேட். மூடியிருந்தது.

முன்னால் வரிசையாக நான்கு லாரிகள். கடைசியில் நின்றது தடி ஏற்றிய லாரி. நுனியில் சிவப்புத் துணி கட்டிய மரத்தடிகள் பாடிக்கு வெளியே ஆறடிக்கு நீண்டு, நேராக அவன் முகத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. பர்னபாஸ் வேண்டாம் வேண்டாம் என்று முனகுவது கேட்டது. ஆனால் குமரவேலின் கால் அவனைக் கேட்காமலே பிரேக்கில் இறங்கியது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கின. மரத்தடி ஒன்று விரிசல் விழுந்த கண்ணாடியைத் தொட்டு, நொறுக்கி, அவன் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

வண்டி நின்றுவிட்டது.

தட்டல் இல்லை. மழை மட்டும். இஞ்சின் மட்டும்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கேட் மூடினால் டிரைவர்கள் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். இறங்குவார்கள், பீடி பற்றவைப்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், ஓரமாக ஒதுங்குவார்கள். இங்கே யாரும் இறங்கியிருக்கவில்லை. நான்கு லாரிகளிலும் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. நான்கும் நின்ற இடத்திலேயே இஞ்சினை அலற விட்டுக்கொண்டிருந்தன.

அப்போது கேட்டது. அவன் லாரியின் கீழே இல்லை. முன்னால் நின்ற தடி லாரியின் கீழே. தட். தட். அதற்கு முன்னால் நின்ற லாரியின் கீழேயும். அதற்கும் முன்னால். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கை. ஒன்றில் இரண்டு. ஒன்றில் தட்டியது சின்னக் கை, குழந்தையின் கை.

கேட்டை ஒட்டி நின்ற முதல் லாரியின் கதவு திறந்தது.

ஓர் ஆள் இறங்கினான். இல்லை, இறங்கவில்லை. கால்கள் முதலில் வந்தன. பிறகு இடுப்பு. கைகள் மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் நீண்டு, நீண்டு, ஏதோ பிய்கிற சத்தத்தோடு விட்டன. சக்கரங்களுக்கு நடுவே அவன் போனான். அலறல் பாதியில் நின்றது.

இரண்டாவது லாரியின் கதவு.

மூன்றாவது.

நான்காவது தடி லாரி. அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரிந்தது. நெற்றி நிறையத் திருநீறு, நரைத்த மீசை. அந்தக் கண்ணாடி வழியாக அவர் குமரவேலைத்தான் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முகம் கண்ணாடியிலிருந்து கீழே இறங்கி மறைந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலைத் தண்ணீர் சிவந்து, குமரவேலின் முன்சக்கரம்வரை ஓடி வந்தது.

பர்னபாஸ் தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். அவரை எதுவும் தொடவில்லை. வயலில் விழுந்து, எழுந்து, சேற்றில் தடுக்கித் தடுக்கி ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை.

ரயில் வந்தது. பெட்டிகளின் வெளிச்சம் ஒவ்வொன்றாக அந்தக் காலியான இருக்கைகளின் மேல் விழுந்து விழுந்து போனது. போய் முடிந்தது. கேட் மேலே எழும்பியது.

குமரவேல் இரண்டு கைகளாலும் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். அதை வெளியிலிருந்து யாரோ திருப்பினார்கள். அவசரமே இல்லை. ஒரு பெண்ணின் பலம்தான், அதற்கு மேல் இல்லை. ஆனாலும் அவன் கைக்குள் கைப்பிடி சுற்றியது. பூட்டின் ஒரு பல் கழன்றது. இன்னொரு பல்.

முன்னால் முதல் லாரி நகர்ந்தது. இருக்கையில் யாரும் இல்லை. தண்டவாளத்தின் மேல் ஏறி, இறங்கி, ஓர் இடத்திலும் குலுங்காமல், மிக மிக மெதுவாக அது போனது. அதன் பின்னால் இரண்டாவது. மூன்றாவது. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, விளக்கு எரிய, திருநெல்வேலியை நோக்கி, மனுஷன் நடக்கிற வேகத்தில்.

மரத்தடியின் நுனி அவன் முகத்தைவிட்டு விலகியது. நான்காவதும் புறப்பட்டுவிட்டது.

அவன் பக்கத்துக் கதவு திறந்தது.